ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முதல் பருவம் நல்லபடியாக முடிந்ததில் இருவருக்கும் சந்தோஷம். உன் பெரிய மாமா மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "பருவநிலை மாற்றம் என்றால் மழை, காற்று, கடல் பற்றிப் படிக்க வேண்டும். இவள் என்னவோ சமூகவியலும் கொள்கையும் படிக்கிறாளே, நாளைக்கு வானிலை ஆய்வு மையத்தில் வேலை கொடுப்பார்களா?" என்கிறார். கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். பேச்சு அதோடு நின்றது.

ஆய்வுக்கு இழப்பு, சேத நிதியை, அதாவது பருவநிலை மாற்றத்தால் அடிபடும் வளரும் நாடுகளுக்கு உதவும் நிதியை, எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டு, மறு ஆண்டு துபாயில் தொடங்கிவைத்த நிதி. யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று நாடுகள் மல்லுக்கட்டுவதைப் பற்றி எழுத உன் வகுப்பிலேயே பலர் இருப்பார்கள். நான் கேட்பது வேறு. அந்த மாதிரிப் பணம் என்றாவது திருவாரூர்ப் பக்கம் வந்தால், யார் பெயரில் வந்து சேரும்? கிராம நிர்வாக அலுவலராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இதில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

சம்பா நெல் மூழ்கினால் நிவாரணத்துக்குக் கணக்கெடுப்போம். 33 சதவீதம் சேதம் இருந்தால்தான் பணம். 2015க்கு முன்பு அது 50ஆக இருந்தது. விதியில் அது வெறும் எண். வரப்பில் அப்படி இல்லை. நானும் உதவி வேளாண்மை அலுவலரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு நெற்குத்தைப் பிடுங்கினால் வேர் கறுத்துப்போய் அழுகல் வாடை அடிக்கும். நான்கடி தள்ளி இன்னொரு குத்தைப் பிடுங்கினால் வெள்ளை வேர் தெரியும், அது பிழைத்துக்கொள்ளும். இதை 30 என்று எழுதுவதா, 35 என்று எழுதுவதா? வயல்காரர் வரப்பில் நின்று எங்கள் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார். இதைச் செயற்கைக்கோள் முடிவு செய்துவிடும் என்கிறார்கள். செய்யட்டும். யாருடைய வயல் என்பதை அது எங்கிருந்து பார்த்துச் சொல்லும்?

அதற்குத்தான் அடங்கல், கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று ஒவ்வொரு பசலிக்கும், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டுக்கும், எழுதுவது. பட்டாதாரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். உழுது, கடன் வாங்கி, நட்டவர் வாய்மொழிக் குத்தகைதாரர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதியச் சொன்னால் குத்தகைதாரரே கையெடுத்துக் கும்பிடுவார்: "வேண்டாம் ஐயா, அடுத்த வருஷம் நிலம் கைக்கு வராது." பட்டாதாரர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் நிவாரணம் நட்டவருக்கு, போடாவிட்டால் பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்கு. வந்த பணத்தை அப்படியே மணியார்டரில் அனுப்பிவைத்த பட்டாதாரரையும் பார்த்திருக்கிறேன், வாயே திறக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் வயிறு இன்னொருவர் மனசாட்சியை நம்பி இருப்பதற்குப் பெயர் கொள்கையா என்று உன் பேராசிரியரிடம் கேள்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல்தான், கூடவே ஒன்று உண்டு. 2016இல் வந்த பிரதமர் திட்டத்தில் நெல்லின் மகசூலைக் கிராமத்துக்கு ஒன்றாகக் கணக்கிடுகிறார்கள். கடைமடைத் தாழ்வு வயல் மூழ்கி மேட்டு வயல்கள் தப்பித்தால் கிராமச் சராசரி குறையாது. பிரீமியம் கட்டியவருக்கு இழப்பீடும் வராமல் போனதுண்டு.

நாற்று நடும் பெண்களைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வு எழுதலாம். வயல் மூழ்கினால் அவர்களுக்குக் களையெடுப்பும் போகும், அறுப்பும் போகும். அடங்கலில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை எண்ணும் வேலைக்குப் போனேன் அல்லவா? ஒரே மரத்தை மறுபடி எண்ணாமலிருக்க அடிமரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டே நடந்தோம். வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய். மரத்தை எண்ணிவிடலாம். அந்தத் தோப்பை நம்பி மட்டை உரித்தவர், கீற்று முடைந்தவர் இழந்ததை எந்தக் குறி போட்டு எண்ணுவது? எங்களிடம் அதற்குப் படிவமே இல்லை. உன் படிப்பு அந்தப் படிவத்தை எழுதக் கற்றுக்கொடுக்கும் என்றால் மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஊருக்கு வந்து ஆய்வு செய்வதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அச்சடித்த கேள்வித்தாளோடு வந்து, "பருவநிலை மாற்றம் பற்றித் தெரியுமா?" என்று கேட்காதே. தெரியும் என்பார்கள், காப்பி கொடுப்பார்கள், அவ்வளவுதான். பயிர் மூழ்கிய வருஷம் நிவாரணம் யார் கணக்குக்கு வந்தது என்று கேள். பொழுது சாய்ந்தாலும் பேச்சு முடியாது. என் பெயரைச் சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. நானும் ஒரு காலத்தில் பேனா பிடித்தவன்தானே.

நிதியை விட்டுவிடு என்று சொல்லவில்லை. துபாயில் ஆரம்பித்து அடங்கலில் முடி, அல்லது அடங்கலில் ஆரம்பி. பசலி முடிவில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குத் தணிக்கை, நடக்கும். கணக்குகள் எல்லாம் மேசைக்கு வரும், மனுக்களோடு ஜனங்களும் வருவார்கள். மே, ஜூனில் வந்தால் பார்க்கலாம். அப்போது வந்தால் மாம்பழமும் இருக்கும் என்கிறாள் அம்மா. உன் வழிகாட்டியிடம் பேசிவிட்டுச் சீக்கிரம் தேதி எழுது, டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடலாம்.

அன்புடன்,
அப்பா