வம்சம் ஒன்றுதானே

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "அப்பா, எனக்கு இரத்தத்தில் நோயாம்" என்று கீழே எழுதியிருந்தாய். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு நோய் இல்லை. நீ பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவி, அதாவது நோய் இல்லாமல் அதன் பிழையை மட்டும் சுமப்பவள். அந்தத் தாளில் இருப்பது அவ்வளவுதான்.

ஏ.எல். உயிரியலில் படித்ததுதான், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பாய். 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்), இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்வதற்கான பரம்பரையலகு (ஜீன்) இருக்கிறது. அதில் எல்லாருக்கும் இரண்டு பிரதி: தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. உன்னிடம் ஒன்று ஒழுங்காக இருக்கிறது, மற்றதில் விகாரம், அதாவது எழுத்துப்பிழை மாதிரி ஒரு மாற்றம். ஒழுங்கானது ஒன்று இருந்தாலே வாழ்ந்துவிடலாம். செங்குழியங்கள் கொஞ்சம் சிறுத்திருக்கும்; கிளினிக்கில் "இரத்தம் குறைவு" என்று எழுதுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தானே எழுதுகிறார்கள், அதனால் யாரும் மேலே தேடுவதில்லை.

அந்த விகாரம் உனக்கு வந்தது என்னிடமிருந்தா அம்மாவிடமிருந்தா என்று இன்னும் தெரியாது. நாங்கள் இருவரும் இரத்தம் கொடுக்கப் போகிறோம். ஆனால் எங்களோடு அது தொடங்கியிருக்காது. நீ உண்டான சூல், அதாவது முட்டை, எப்போது உருவானது என்று நினைக்கிறாய்? பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய சூல்களின் தொடக்கக் கலங்கள் உருவாகிவிடுகின்றன. உன் அம்மாயி அம்மாவை வயிற்றில் சுமந்துகொண்டு கொழுந்து எடுத்த நாட்களில், உன் பாதி அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவளுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேரு போட்டிருக்கலாமே" என்றாள்.

இந்த விகாரம் ஏன் இத்தனை தலைமுறையாக அழியாமல் வருகிறது என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. காவிகளை மலேரியா கடுமையாகத் தாக்குவது குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மலேரியா இருந்த நாடுகளில்தான் இது கூடுதலாகப் பரவியிருக்கிறது. நம்மவர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் எத்தனையோ பேர் வழியிலேயே போனார்கள். 1934-35இல் இலங்கையில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டுபோனது. 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மலேரியா போய்விட்டது, அதைத் தாங்க உதவியது மட்டும் இரத்தத்தில் மிஞ்சிவிட்டது.

இனித்தான் முக்கியமான சங்கதி. மருமகன், உன் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த தங்கை மகன். உனக்கும் அவருக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ. பொது. விகாரம் என் வழியில் வந்திருந்தால், அத்தையிடமும் அது இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருமகனிடம் இருப்பதற்கு நாலில் ஒன்று. அம்மா வழி என்றால் அவர் வெளி ஆள் ஒருவரைப் போலத்தான். எப்படியானாலும் அவர் இரத்தம் கொடுத்தால்தான் தெரியும்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கிடையாது அண்ணே" என்றாள். "ஏய், உன் வம்சமும் என் வம்சமும் ஒண்ணுதானே" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

அம்மா தவறணையில் (நாற்றங்காலில்) போடும் வீ.பி. குச்சியை, விதையில்லாமல் வெட்டி நடும் தேயிலைக் குச்சியை, நினைத்துப் பார். ஒரு இலை, ஒரு கணு. பொலித்தீன் பைக்குள் வேர் விட்டு எழும்பும் கன்று தாய்ச்செடியின் அச்சு அசல். டி.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலை இனம் என்றால் மலை முழுக்க அதே செடிதான். கொழுந்து நிறைய வரும், கணக்கப்பிள்ளைக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு செடிக்குத் தாங்க முடியாத நோய் வந்தால் பக்கத்துச் செடிக்கும் தாங்காது. பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி. தேயிலைப் பூ தன் மகரந்தத்தில் தானே காய்ப்பது அரிது. இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். செடிக்கே தெரிந்திருக்கிறது, நாம்தான் தாய்மாமன் வீடு, அத்தை வீடு என்று சுற்றிச் சுற்றி வருகிறோம். உன் கல்யாணத்தைக் குறை சொல்லவில்லை. மருமகனைப் போல ஒரு பிள்ளை வெளியில் கிடைத்திருக்காது.

மனிதரில் குச்சி நட முடியாது. 46 நிறமூர்த்தங்களில் 23 மட்டுமே ஒரு புணரிக்குள், அதாவது ஒரு முட்டைக்குள் அல்லது விந்துக்குள், போகும். சோடிக்கு ஒன்றாக எது போகும் என்பதிலேயே 83 இலட்சத்துக்கு மேற்பட்ட வகை இருக்கிறது. புணரி உண்டாகும் ஒடுக்கற்பிரிவில் சோடிகள் துண்டு துண்டாக மாற்றிக்கொள்வதைச் சேர்த்தால் கணக்கே இல்லை. போதாததற்கு, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெற்றோரிடம் இல்லாத சில பத்துப் புதிய மாற்றங்கள் இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. பிழையே விடாமல் நகலெடுத்திருந்தால் நீயும் நானும் இல்லை, நுண்ணுயிரோடு உலகம் நின்றிருக்கும்.

மருமகன் காவி இல்லையென்றால் கவலையே வேண்டாம். பிள்ளை உன்னைப் போலக் காவியாகலாம், கடும் தலசீமியா வராது. அவரும் காவி என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளை தப்பியது என்பதால் அடுத்ததற்கு அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கடும் தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைக்குச் சில வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். அதற்காகப் பிள்ளையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கருத்தரிக்க முன்பே டொக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றுதான் அர்த்தம். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பலாம்.

மருமகனிடம் நீ கெஞ்ச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன், அத்தையும் பக்கத்தில் இருப்பாள். அதுவரைக்கும், யாரோ சொன்னார்கள் என்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் குடிக்காதே. உன் இரத்தம் குறைவாகத் தெரிவது இரும்பு இல்லாததாலா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. டொக்டரிடம் அந்தப் பரிசோதனையையும் கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
அப்பா