விதை முற்றிய பிறகு வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் கோவிலுக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தை இடித்த இடத்தில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. 40 அடி நீளம், 12 அடி அகலம் இருக்கும். வெறும் செம்மண் சரளை. மூன்று வருஷமாக அதில் விதை போட்டுக் காட்டுப்பூ வளர்த்து வருகிறேன். போன மாதம் புல் வெட்ட வந்தவர்கள் ஒரே காலையில் எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் போனார்கள். ஊலாம் ராஜா என்ற கீரைச் செடியின் காய்கள் அப்போது பச்சையாக இருந்தன. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் முற்றியிருக்கும்.

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வெயில் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். முதல் வருஷம் அந்த வெயிலிலேயே விதைத்து, தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். உரமும் போட்டேன். லாலான் என்கிற களைப்புல்தான் தளதளவென்று வந்தது. காட்டுப்பூவுக்கு ஏழை மண்தான் பொருத்தம் என்று அப்புறம்தான் புரிந்தது. மறு வருஷம் லாலானின் வெள்ளை வேரைத் துண்டு விடாமல் தோண்டி எடுத்தேன். ஒரு விரல் நீளம் மண்ணில் தங்கினாலும் அது மறுபடி முளைத்துவிடும். மார்ச் கடைசியில், மழை இறங்கப் போகிற நேரம் பார்த்து விதைத்தேன். ஒரு கைப்பிடி விதைக்கு ஐந்து கைப்பிடி மணல் கலந்து தூவி, காலால் மிதித்துவிட்டேன், அவ்வளவுதான். சங்குப்பூ விதைக்கு மட்டும் தோல் தடிப்பு. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரத்துக்கு அடியில் மண்ணை மூடிப் படரும் மூடுகொடி போடும்போது அந்த விதையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த பழக்கம் எனக்குக் கைகொடுத்தது.

தும்பை, துத்தி, சங்குப்பூ, ஊலாம் ராஜா எல்லாம் வந்தன. மலாய்க்காரர்கள் 'புங்கா புக்குல் லாப்பான்' என்று சொல்லும் எட்டு மணிப் பூவும் வந்தது. காலையில் விரியும், மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். அதன் விதையில் வெள்ளையாக ஒரு சதை ஒட்டியிருக்கும். அதற்காக எறும்பு விதையையே தூக்கிக்கொண்டு போகும். நான் விதைக்காத சுவரோரத்தில் இப்போது நான்கு செடி நிற்கிறது.

இந்த எட்டு மணிப் பூவை, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் பாதையோரமாக வேண்டுமென்றே நடுகிறார்கள். கூட்டைச் சுமந்துகொண்டு ஓலையைத் தின்கிற புழுவை அழிக்கும் சின்னக் குளவிகளுக்கு அதன் தேன்தான் தீனி. தோட்டக்காரர்கள் பணம் செலவழித்து வளர்க்கிற செடியை ஊருக்குள் களை என்று வெட்டுகிறோம்.

புல் வெட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்ன வேலையைச் செய்கிறார்கள். வேலை கொடுக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். பாதையோரத்தையும் விளையாட்டுத் திடலையும் வழக்கம்போல வெட்டுங்கள். பூத்து நிற்கிற துண்டை மட்டும் விதை முற்றும்வரை விட்டுவையுங்கள். முற்றியது பார்த்தாலே தெரியும். ஊலாம் ராஜா விதை கறுத்து, குடைக்கம்பி மாதிரி விரிந்து நிற்கும். பக்கத்தில் போனால் சேலையில் குத்திக்கொள்ளும். அப்போது வெட்டலாம். வெட்டிய தட்டையை இரண்டு நாள் அங்கேயே காயவிட்டால் விதை கொட்டிவிடும். பிறகு வாரி அள்ளிவிடுங்கள். அங்கேயே மக்கினால் மண் கொழுத்து, லாலான் திரும்பி வந்துவிடும்.

போன வருஷத்து விதை பழைய பேப்பரில் மடித்து என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. வரும் மார்ச்சில் மறுபடி போடப் போகிறேன். அதற்குள் ஒரு பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பால்மரம் சீவி ஓய்வு பெற்ற வாசகி,
பீடோங், கெடா