அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. திருத்திய விடைத்தாள்கள் ஜனவரியில் பள்ளி திறந்ததும் வீட்டுக்கு வரும், பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் கபடியில் இரண்டாமிடம் பிடித்தார்கள், கலைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் குழு பரிசு வாங்கியது, 10ஆம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு மழையிலும் தடையில்லாமல் நடந்தது. உழைத்த பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

சரி, இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காலை இடைவேளை மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட், பத்து ரூபாய்க்கு கலர் கலராக ஒரு பானம். திரும்பி வரும்போது விரலெல்லாம் ஆரஞ்சு நிற மசாலா, அதே விரலோடு நோட்டைத் திறப்பதால் பக்கத்திலும் அந்தக் கறை. மதியம் சத்துணவுத் தட்டை வாங்கி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டு, சோற்றைக் கொட்டிவிடுகிறார்கள். சத்துணவு அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், சமையல்ல ஏதாவது குறையா?" என்று கேட்டார்கள். சமையலில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்குப் பசி இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பருவத்தில் மருத்துவக் குழு வந்து எல்லோருக்கும் உயரமும் எடையும் பார்த்தது. வயதுக்கும் உயரத்துக்கும் மீறிய எடையோடு சில பிள்ளைகள் இருக்கிறார்கள், ரத்தச்சோகையோடு சில பிள்ளைகள், இரண்டும் சேர்ந்தே இருக்கிற பிள்ளைகளும் உண்டு. வயிறு நிறைகிறது, சத்து போய்ச் சேரவில்லை. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களை விட உடற்பருமன் உள்ளவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025இல் யுனிசெஃப் சொன்னது. பெரியவர்களைப் பார்த்தாலும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று நாம் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதன் ஆரம்பம் பள்ளி வயதிலேயே இருக்கிறது.

எந்த அம்மா அப்பாவையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கேரட் அறுவடைக்கு நள்ளிரவிலேயே லாரி ஏறிப் போகிற பெற்றோர் நம் பள்ளியில் இருக்கிறார்கள். காலையில் தேயிலை பறிக்கப் போகிற அவசரத்தில் டப்பா கட்ட நேரமில்லாமல் பத்து ரூபாயைக் கையில் வைத்துவிட்டுப் போவது ஏன் என்று எனக்குத் தெரியும். கேரட்டும் சுண்டலும் கொடுத்து அனுப்பிய ஒரு அம்மா, மாலையில் டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது என்று வருத்தப்பட்டார்கள். பக்கத்தில் எல்லோரும் பாக்கெட் பிரிக்கும்போது அந்தப் பிள்ளைக்குத் தன் டப்பாவைத் திறக்கக் கூச்சம். வாசல் கடைக்காரரிடமும் பேசினேன். அவர் பிள்ளைகளும் இங்கேதான் படித்தார்கள், நல்ல மனிதர். "நான் நிறுத்தினா வளைவுல இருக்கிற கடையில வாங்குவாங்க டீச்சர், எனக்குத்தான் நஷ்டம்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே. ஒரு தோட்டத்தில் மட்டும் களை எடுத்து, அடுத்த தோட்டத்தில் விட்டுவைத்தால் என்ன பயன்?

அதனால்தான் ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் சாமர்வில் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே 2002இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தாரோடு பள்ளி, பெற்றோர், நகராட்சி, உணவகங்கள் எல்லோரும் கைகோத்தார்கள். பள்ளிச் சாப்பாட்டில் காய், பழம் கூடியது, நடந்து வரும் பாதைகளைப் பாதுகாப்பாக்கினார்கள், கடைக்காரர்களும் தங்கள் பட்டியலில் நல்ல உணவைச் சேர்த்தார்கள். முதல் வருட முடிவில், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த வேறு இரண்டு ஊர்ப் பிள்ளைகளை விட, அந்த ஊரின் 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் எடை கூடுவது குறைந்திருந்தது. பெரிய அதிசயம் இல்லை, கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் எந்தப் பிள்ளையையும் பட்டினி போடாமல், தனியாக நிறுத்தி அவமானப்படுத்தாமல், சுற்றுப்புறத்தை மாற்றியே அது நடந்தது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பிரான்சிலும் 2004இல் 10 ஊர்களில் இதே போலத் தொடங்கி, பிறகு பல ஊர்களுக்குப் பரவியது.

நம்மால் முடியாதா? பிளாஸ்டிக் பாட்டில் இல்லாமல் மலையில் எப்படி வியாபாரம் என்று ஒரு காலத்தில் கேட்டவர்கள்தான் நாம். இன்று நீலகிரிக்கு வருகிறவர்களிடம் நாமே பாட்டிலைக் கொண்டுவராதீர்கள் என்று சொல்கிறோம். அதிகாரிகள், கடைக்காரர்கள், மக்கள் எல்லோரும் சேர்ந்ததால்தானே நடந்தது.

இன்னொன்று, நடப்பது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளில் பலர் அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது, கீழ்ப் பாதையில் காட்டெருமை நிற்கிறது, விடியற்காலையில் கரடி நடமாட்டம், பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. ஆனால் அந்தப் பாதை ஓரத்தில் என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள். தின்று போட்ட பாக்கெட், பேக்கரிக் கழிவு, மிச்சச் சாப்பாடு. அந்த வாசனைக்குத்தான் கரடியும் காட்டுப்பன்றியும் ஊருக்குள் இறங்குகின்றன. பாக்கெட்டைக் குறைத்தால் பாதையும் கொஞ்சம் பயமில்லாததாகும்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளிலிருந்து பாக்கெட் தீனியும் இனிப்புப் பானமும் பள்ளி வாசலுக்குள் வரக்கூடாது. கொண்டுவந்தால் வாங்கி வைத்து மாலையில் பெற்றோரிடம் கொடுப்போம், அபராதமோ தண்டனையோ கிடையாது. பிறந்தநாள் சாக்லேட் டப்பாவுக்கும் இதுதான் விதி, வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுங்கள், பிள்ளையின் பெயரை எழுதி வைக்கிறோம். இது என் சொந்த விருப்பம் இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. போன மாதம் ஒரு பாக்கெட்டை வாங்கி வைத்ததற்காக வாசலில் நின்று ஆசிரியையிடம் சத்தம் போட்டது போல இனி யாரும் செய்ய வேண்டாம். கோபம் இருந்தால் நேராக என் அறைக்கு வாருங்கள்.

அதை விடக் கண்டிப்பாக ஒன்று. எந்தப் பிள்ளையையும் "குண்டு" என்றோ "ஒல்லிக்குச்சி" என்றோ யாரும் கூப்பிடக்கூடாது, பள்ளியிலும் சரி, வீட்டிலும் சரி. உறவுக்காரர்கள் முன்னால் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். எடை விவரம் அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாகத்தான் சொல்லப்படும்.

பள்ளி தன் பங்குக்கு என்ன செய்யும் என்றும் கேட்பீர்கள். விளையாட்டுப் பிரிவேளையை 10ஆம் வகுப்பு உட்பட எந்த வகுப்பிலும் வேறு பாடத்துக்குத் தர மாட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்து, 200 மில்லி குளிர்பானத்தில் உள்ள ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரையை அறிவியல் அறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். ஐந்து டீஸ்பூன் அளவுக் குவியல். அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "இதை வெறும் வாயில தின்னச் சொன்னா தின்ன மாட்டேன் டீச்சர்" என்றான். அடுத்த பருவத்தில் எல்லா வகுப்பும் இதைச் செய்யும்.

மகளிர் குழுவினர் சிலர் இடைவேளைக்குச் சுண்டல், அவித்த கடலை, ராகி உருண்டை செய்து தரத் தயாராக இருக்கிறார்கள். அதே ஐந்து, பத்து ரூபாய்தான், வாசல் கடையிலேயே விற்கலாம், அவருக்கும் வியாபாரம் போகாது. வளைவுக் கடைக்காரரையும் இதில் சேர்க்க வேண்டும், அவரிடம் நீங்கள் சொன்னால்தான் எடுபடும். ஹட்டி (படுகர் கிராமம்) பக்கத்திலிருந்தும் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்தும் வருகிற பிள்ளைகளை இரண்டு பெரியவர்கள் முறை வைத்துக் கூட்டமாக நடத்திக் கூட்டி வர முடியுமா என்று யோசியுங்கள், வெளிச்சம் வந்த பிறகு, டார்ச்சும் விசிலும் வைத்துக்கொண்டு. காட்டெருமை நிற்கிற அன்றைக்கு ஆட்டோதான், அதில் வாதமே இல்லை. பாதையோரக் குப்பைத் தொட்டிகளுக்கு மூடி கேட்டு உள்ளாட்சிக்கு மனு எழுதிவிட்டேன், பெற்றோர் கையெழுத்தும் சேர்ந்தால் பலம்.

இதற்கெல்லாம் புதிதாகச் சங்கம் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் நீங்கள்தான், பாதிப் பேர் பெண்கள், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குக் கூட்டம். கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கிராமச் செவிலியர், மகளிர் குழுவினர் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். இலை எடை போடும் நேரம் என்று வர முடியாதவர்கள் பிள்ளையின் நோட்டில் இரண்டு வரி எழுதி அனுப்பினாலும் போதும், கூட்டத்தில் வாசிப்பேன்.

இந்தக் குளிரிலும் மழையிலும் பிள்ளைகளை ஒரு நாள் தவறாமல் அனுப்பி வைக்கிறீர்கள், கூப்பிட்ட போதெல்லாம் வந்து நிற்கிறீர்கள், போன மழையில் சரிந்த சுற்றுச்சுவர் மண்ணை நீங்களே வந்து அள்ளிப் போட்டீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு உரிமையோடு எழுதினேன். மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகள் வெயில் வந்த பிறகு நன்றாக வெளியே விளையாடட்டும், உறைபனிக் காலம், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை
அரசு உயர்நிலைப்பள்ளி, கோத்தகிரி வட்டம்