காய்ச்சலா? முதலில் ‘ஆப்பிரிக்கா’ என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனைத் தோட்டம், எண்ணெய்க் கிணறு, கட்டுமானம் என்று மலேசியாவிலிருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கட்டிக் கொடுப்பது ஊறுகாய், மசாலைத் தூள், கூடவே நாலு அட்டை பனடோல். ஊறுகாய் போகட்டும், அந்த பனடோலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காய்ச்சல் என்றால் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ஆப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகை மூன்று நாள் காத்திருக்காது. காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் ரத்தம் பார்த்து மருந்து தொடங்க வேண்டிய நோய் அது. பனடோல் சூட்டைத்தான் இறக்கும். கிருமி தன் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருக்கும்.

மலேரியா நமக்குப் பழக்கமில்லாத நோய் அல்ல. தோட்டத்தில் வரிசையில் நிறுத்திக் கொயினா (குயினின் மருந்து) விழுங்க வைத்த கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். 1901-இல் கிள்ளானில் கான் (வடிகால்) வெட்டிச் சதுப்பை வடித்து மலேரியாவை அடக்கிய மருத்துவர் மால்கம் வாட்சன், பிற்பாடு இன்றைய ஸாம்பியாவின் செம்புச் சுரங்கத்துக்கும் அதே வேலையாகத்தான் போனார். ஆனால் கொயினா காலத்து உடம்பு இப்போது நம்மிடம் இல்லை. மனித மலேரியா வகைகளின் உள்ளூர்த் தொற்று 2018 முதல் நம் நாட்டில் இல்லை. காட்டோரங்களில் குரங்கிடமிருந்து வரும் நோலெசி வகைதான் மிச்சம். ஆகவே இங்கிருந்து போகிறவருக்கு எதிர்ப்புச் சக்தி துளியும் கிடையாது.

அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ஓரளவு இருக்கிறது. அதனால்தான் உடன் வேலை செய்கிறவர், “மலேரியாதானே, சளி பிடித்த மாதிரி, நாளைக்குச் சரியாகிவிடும்” என்பார். அவர் உடம்புக்கு அது சரி. அதை நம்பி நம் ஆள் படுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

சோதனைக்கூட முடிவில் ‘மலேரியா ஒரு பிளஸ்’, ‘இரண்டு பிளஸ்’ என்று எழுதித் தருவார்கள். கண்ணாடித் தகட்டில் தடிப்பாகத் தடவிய ரத்தமான கெட்டிப் படலத்தில், நுண்ணோக்கியின் 100 பார்வைப் புலத்துக்கு 1 முதல் 10 கிருமி இருந்தால் ஒரு பிளஸ், 11 முதல் 100 வரை இரண்டு. ஒவ்வொரு புலத்திலும் 1 முதல் 10 தெரிந்தால் மூன்று, அதற்கும் மேலே போனால் நான்கு. உள்ளூர்க்காரர் ஒரு பிளஸ்ஸோடு நடமாடிக்கொண்டிருப்பார். நம் ஆளுக்கு ஒரு பிளஸ்ஸே அவசரம். மேற்கு ஆப்பிரிக்கக் கிளினிக்குகள் பலவற்றில் ‘மலேரியாவும் டைபாய்டும்’ என்று சேர்த்தே எழுதுவார்கள். அந்த டைபாய்டு பெரும்பாலும் ஒரே ஒரு வைடால் என்ற ரத்தச் சோதனையை வைத்துச் சொல்வது, நம்பத்தக்கதல்ல. ஊசியும் டிரிப்பும் ஏற்றியதில் தெம்பு வந்துவிட்டது என்று திரும்பி வராமல், எந்த வகைக் கிருமி, எத்தனை என்று கேளுங்கள்.

ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு படலம் எடுக்க வேண்டும். கெட்டிப் படலம் கிருமி இருக்கிறதா என்று சொல்லும், மெல்லிய படலம் எந்த வகை என்று சொல்லும். 10 சதவீத ஜீம்சா சாயத்தில் 10 நிமிடம் ஊறவேண்டியதை அவசரத்தில் மூன்று நிமிடத்தில் கழுவினால் கிருமி சாயம் ஏறாமல் மங்கிக் கிடக்கும். பழைய சாயத்தின் துகளைக் கிருமி என்று எண்ணிவிடுவதும் உண்டு. முதல் தகட்டில் ஒன்றும் இல்லை என்றால் மலேரியா இல்லை என்று பொருளாகாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். 15, 20 நிமிடத்தில் கோடு காட்டும் அட்டைச் சோதனை தோட்டப்புறத்துக்கு நல்ல கருவிதான். ஆனால் ஒரு முறை மலேரியா வந்து குணமானவருக்கு அந்தக் கோடு வாரக்கணக்கில் மறையாது. ‘மறுபடியும் மலேரியா’ என்று அதைக் காட்டி மருந்து கொடுத்தால், தகடு பார்க்கச் சொல்லுங்கள்.

சாதாரண மலேரியாவுக்குப் பரவலாகக் கொடுப்பது ஆர்டிமீதர்-லூமெஃபாண்ட்ரின் மாத்திரை. 20/120 மில்லிகிராம் மாத்திரை 35 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஒரு வேளைக்கு 4, மொத்தம் 6 வேளை, 24 மாத்திரை. முதல் வேளைக்குப் பிறகு 8, 24, 36, 48, 60-ஆவது மணி நேரங்களில். எல்லாரும் தவறவிடுவது அந்த 8-ஆவது மணி. மாலை 6-க்குத் தொடங்கினால் இரவு 2 மணிக்கு எழுந்து போட வேண்டும், அலாரம் வையுங்கள். கொழுப்புச் சத்து இல்லாமல் இந்த மருந்து உடம்பில் ஒட்டாது. பசியில்லை என்று வெறும் தண்ணீரில் விழுங்காமல் ஒரு கோப்பை கொழுப்பு நீக்காத பாலோ ஒரு பிடி கச்சானோ (நிலக்கடலையோ) கூடச் சேருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும். இரண்டாம் நாள் உடம்பு தேறியதும் மீதியை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைப்பவர்களுக்கு அந்த அடுத்த முறை சீக்கிரமே வந்துவிடும்.

மருந்து வாங்கும் இடமும் முக்கியம். வெயிலில் பரப்பி விற்கும் வழியோரக் கடை வேண்டாம். போலி மருந்து ஆப்பிரிக்கச் சந்தைகளில் நெடுநாள் தொல்லை. நைஜீரியாவில் நாஃப்டாக் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பாட்டில் பெட்டி மேல் சுரண்டிப் பார்க்கும் எண் இருக்கும். அதைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் அசலா போலியா என்று பதில் வரும். வேலையிடம் காட்டுக்குள் என்றால், நகரத்தில் இறங்கிய அன்றே பெரிய மருந்தகத்தில் ஒரு முழுப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பிதற்றல், வலிப்பு, கறுத்த சிறுநீர், கண் மஞ்சள், மூச்சு வாங்கல், உட்கார முடியாத தளர்ச்சி. இதில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரை போதாது, ஆர்டிசுனேட் ஊசிதான். கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் வீதம் 0, 12, 24-ஆவது மணிகளில் போடுவார்கள். 70 கிலோ ஆளுக்கு ஒரு முறைக்கு 168 மில்லிகிராம், அதாவது 60 மில்லிகிராம் குப்பி மூன்று, முதல் நாளுக்கே ஒன்பது. கணக்கை இவ்வளவு விளக்கமாக எழுதக் காரணம், பல அரசு மருத்துவமனைகளில் கையுறை, டிரிப் பாட்டில், ஊசிமருந்து எல்லாம் உறவினர்தான் வெளியே போய் வாங்கி வர வேண்டும். கூட ஓர் ஆள் இல்லாமல் போகக்கூடாது. தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் கட்டில். கையில் ரொக்கம், கென்யா என்றால் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணக் கணக்கில் பணம் இருக்கட்டும். ஊசி போட்டுத் தேறியவருக்கு ஓரிரு வாரம் கழித்து ரத்த அணு உடைந்து சோகை வரலாம். நான்கு வாரத்துக்கு வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

இங்கே எடுத்த மெடிக்கல் கார்டை (மருத்துவக் காப்புறுதி அட்டையை) நம்பிப் போகிறவர்கள் அதன் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். தொடர்ந்து 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அங்கு செய்த சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கிறது. முதலாளியிடம் நோயாளியை விமானத்தில் ஏற்றும் செலவும் அடங்கிய காப்புறுதியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நைரோபிக்கோ ஜொகானஸ்பர்க்குக்கோ கொண்டு போகும் செலவு சொந்தப் பணத்தில் ஆகிற காரியமில்லை. காப்புறுதியின் உதவி எண்ணைக் கட்டிலில் சேரும் முன்பே அழைக்க வேண்டும். நம் தூதரகம் எல்லா நாட்டிலும் இல்லை, எந்தத் தூதரகம் நீங்கள் போகும் நாட்டையும் சேர்த்துக் கவனிக்கிறது என்று போகுமுன் விசாரியுங்கள்.

தடுப்பு மாத்திரையில் டாக்சிசைக்ளின் மலிவு. தினம் 100 மில்லிகிராம், போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பி வந்த பின்னும் 4 வாரம். நிறையத் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எரியும். மலரோன் என்ற மாத்திரை திரும்பி வந்த பின் 7 நாளோடு முடியும், விலைதான் கூட. குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து அங்கே ஃபால்சிபாரத்துக்கு எடுபடாது. டிங்கி (டெங்கு) கொசு பகலில் கடிக்கும், மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. அதனால் மருந்து தோய்த்த கொசுவலைக்கு மாற்று இல்லை.

இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரை அளக்கும் கருவியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான மலேரியாவும் கொயினாவும் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், மயக்கம் எதனால் என்றே தெரியாமல் போகும். ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்த அணு உடையும் பிறவிக் குறைபாடு) உள்ளவர்கள் எந்த மருந்துக்கும் முன் அதைச் சொல்ல வேண்டும். வெளியில் காயப்போட்ட துணியை, உள்ளாடையின் இலாஸ்டிக் வரை இஸ்திரி போட்டு உடுத்துங்கள். டும்பு ஈ அதில் முட்டையிடும், புழு தோலுக்குள் போய் வளரும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும். அந்த நோய் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவரிடமும் நம் குடிநுழைவில் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம்.

இனி, திரும்பி வந்த பிறகு. ஃபால்சிபாரம் பெரும்பாலும் கடித்த 7 முதல் 30 நாளுக்குள் வெளிப்படும். ஓவாலே, வைவாக்ஸ் என்ற மலேரியா வகைகள் மாதக்கணக்கில் கல்லீரலில் ஒளிந்திருந்து வரும். இங்கே பட்டர்வொர்த்தில் காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால் பார்ப்பது டிங்கி. மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்குவதால் அந்த ரத்த முடிவு டிங்கி மாதிரியே இருக்கும். ‘நாளை வந்து மறுபடி பாருங்கள்’ என்று அனுப்புவார்கள், வீட்டில் பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுப்பார்கள், இரண்டு நாள் போய்விடும். மருத்துவர் மேல் குற்றமில்லை, அவரிடம் யாரும் ஆப்பிரிக்கா என்று சொல்லவில்லை.

தனியார் கிளினிக்குகள் பதிவு மேசையிலேயே ‘கடந்த ஓராண்டில் எந்த நாட்டில் இருந்தீர்கள்’ என்று கேட்டால் நல்லது. கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். நாடு, ஊர், திரும்பிய தேதி மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். லாசா போன்ற வேறு காய்ச்சல்களையும் மருத்துவர் நினைத்துப் பார்க்க அது உதவும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மலேரியாத் தகடு பார்த்துவிடலாம். சீட்டில் பி.எஃப்.எம்.பி. (மலேரியாக் கிருமிக்கான ரத்தப் படலச் சோதனை) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரத்தம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுக்கூட ஊழியர்,
ஜெலுத்தோங், பினாங்கு.