கதையைக் குறைசொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்து ஆட்களிடம் எதைக் கேட்டாலும் ஒரு கதை சொல்கிறார்கள், கணக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு கட்டுரையாளர் சலித்துக்கொண்டிருந்தார். நான் தலவாக்கலையில் தையல் கடை வைத்திருப்பவன். காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொண்டுவருகிறவர் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் அவருடைய தோட்டத்தின் பாதி வரலாறு என் காதுக்கு வந்துவிடும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம்மவர்களுக்குக் கதை ஏன் இவ்வளவு வேண்டியதாயிற்று என்று அவர் ஒருகணம் யோசித்திருக்கலாம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இங்கேயே பிறந்தவராக இருந்தாலும் தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் இருவருமே இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். காட்டுவதற்குக் கடதாசி எங்கே இருந்தது? தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் ஓடிப்போய்ப் பதிவு எழுதினார்கள்? வீட்டில் இருந்ததெல்லாம் "பூட்டன் மாத்தளைப் பக்கம் தோட்டத்துல இருந்தப்ப..." என்று தொடங்கும் சம்பவங்கள்தான். கந்தோரில் அவை செல்லுபடியாகவில்லை. அப்புறம் 1964இல், இப்படி நாடற்றுப்போன நம்மவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்டுக்கொள்ள சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். கணக்கு மிகத் தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாகப் போன வீடுகள் எத்தனையோ. அதைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் கதைகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 

இன்னொன்று. நம் ஊரில் கதை என்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை, நேரே சொல்ல முடியாததைச் சொல்லும் வழியும் அதுதான். மருமகள் காலையில் பிந்தி எழும்பினால் மாமியார் திட்டுவதில்லை. "எங்க பழைய லயத்துல ஒரு பொண்ணு இருந்தா..." என்று அடுப்படியில் யாரிடமோ ஆரம்பிப்பார். கேட்க வேண்டியவளுக்குக் கேட்டுவிடும். கடன் கேட்க வருகிறவர் கடனைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மகளின் பாடசாலைச் சப்பாத்து பிய்ந்துபோன கதையைச் சொல்லிவிட்டு என் தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டு இருப்பார். தோட்டத்தை நடத்திய துரைமார் காலத்தில் நம் பெரியவர்கள் பழகிய பேச்சு முறை இது என்பது என் எண்ணம். எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். ஒரு சம்பவத்தைச் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

சாவு வீட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரவு முழுக்கக் கடதாசி விளையாடிக்கொண்டு, பிளேன்டீ குடித்துக்கொண்டு, இறந்தவர் ஒருக்கா கோச்சியில், அதாவது ரயிலில், தூங்கிப்போய் ஹட்டனில் இறங்காமல் பதுளை வரைக்கும் போன கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே சிரிப்பு. வெளியூர்க்காரருக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எதுவும் தெரியாது.

சரி, கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அவர் கைவைத்த இடம் வேறு. 

கடையில் குளவிக் கொட்டுப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர், "எங்க மாமாவுக்கு அம்பது குளவி கொட்டிச்சு, சுண்ணாம்பு தடவிக்கிட்டு மறுநாளே மலைக்குப் போனாரு" என்பார். அடுத்தவர் தன் சித்தப்பாவுக்கு எழுபது என்பார். இரண்டையுமே நம்புகிறேன், எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. ஆனால் சிலருக்கு ஒரே கொட்டிலேயே உடம்பு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துவிடும். ஒவ்வாமை இல்லாதவருக்கும் நிறையக் கொட்டு விழுந்தால் விஷம் உயிருக்கே ஆபத்தாகலாம். சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மாமா பிழைத்துக்கொண்டார், அதனால் அவர் கதை கடை வரைக்கும் வந்தது. போய்ச் சேர்ந்தவர் என் கடைக்குக் காற்சட்டை கொண்டுவந்து கதை சொல்லப்போவதில்லை. 

மேடையில் சொல்லப்படும் டாக்டர் கதையும் இதே மாதிரிதான். லயத்துக் காம்பராவில், குப்பி விளக்கில் படித்து டாக்டரான பையன். பரிசளிப்பு விழா, தேர்தல் கூட்டம், மே தினம், எல்லா இடத்துக்கும் அவன் வந்துவிடுவான். அந்தப் பையனை நினைத்து நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் இல்லை என்று ஒரு தாய் எழுந்து கேட்கும்போது பதிலாக அவன் கதையைச் சொல்வது என்ன நியாயம்? அவனோடு முதலாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுப் பெரியவர்களும் இதில் சளைத்தவர்களில்லை. கூரை ஒழுகுகிறது என்று இளசுகள் வாய் திறந்தால் 1974 பஞ்சம் வந்துவிடும். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. பையன் தலையைக் குனிந்துகொள்வான், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். பாட்டி சொன்ன கதையையும் வைத்துக்கொண்டு தகரத்தையும் கேட்கலாமே என்பதுதான் என் கட்சி.

உங்கள் பத்திரிகை செய்யக்கூடியது இரண்டு உண்டு. பரீட்சை முடிவு வரும் காலத்தில் சாதனை மாணவர்களின் படங்களைப் போடுகிறீர்கள். போடுங்கள். கூடவே அதே பாடசாலையில் அவரோடு முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சாதாரண தரம் வரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று அதிபரிடம் கேட்டு ஒரு வரி சேருங்கள். அப்புறம், பெரியவர்கள் சொல்லும் சம்பவங்களுக்கு வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், ஏறத்தாழ எந்த வருடம், சொன்னவர் தானே பார்த்ததா கேட்டதா, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். 1948இல் விவரம் தெரியும் வயதில் இருந்தவர்கள் தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள், இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
தலவாக்கலை.