தணிக்கை தடுத்தது உடம்பை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பிரேசில் ‘கிளுகிளுப்பு’ப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘ராணுவ ஆட்சியிலும் திரையில் பெண்ணுக்குச் சுதந்திரம் இருந்தது’ என்று முடிகிறது. துணி குறைந்ததை வைத்துச் சுதந்திரத்தை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

போர்னோஷன்ஷாடா எனப்படும் இந்தப் படங்கள் ஏன் அத்தனை குவிந்தன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. உள்நாட்டுப் படங்களை 1975இல் ஆண்டுக்கு 112 நாள், 1980இல் 140 நாள் ஓட்டியே தீரவேண்டும் என்பது தியேட்டர்களுக்கு அரசு போட்ட விதி. அந்த நாட்களை நிரப்பச் சல்லிசான படம் வேண்டும். தியேட்டர்காரர்களே பணம் போட்டார்கள். சாவ் பாவ்லோவில் லூஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் அவை தயாராயின. படப்பெட்டியை ரயிலேற்ற வசதி என்று விநியோகஸ்தர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். செட்டுக்கும் பெரிய நட்சத்திரத்துக்கும் காசில்லாத இடத்தில், போஸ்டரில் பெண்ணுடம்பு போதும்.

கதையில் அவளுக்கு நாலைந்து அச்சுகள்தான்: கன்னி, விதவை, பக்கத்து வீட்டுக்காரி, கணவனால் பயனில்லாத மனைவி, வேலைக்காரி. 1973இல் வந்த ஒரு படத்தின் தலைப்பு, ‘நம்ம வேலைக்காரி எவ்வளவு நல்லவள்’. ‘நல்லவள்’ என்பதற்குப் போர்த்துகீசியக் கொச்சையில் ‘கவர்ச்சியானவள்’ என்ற பொருளும் உண்டு. அடிமைமுறை 1888இல்தான் ஒழிந்த நாட்டில், எஜமானர் வீட்டுப் பையன் வேலைக்காரியிடம் ‘பாடம்’ கற்பதை வெறும் தமாஷ் என்று தள்ள முடியாது.

இந்தப் படங்களில் ஆண் ஒளிந்து பார்க்கும் சாவித்துவாரக் காட்சியைக் கவனியுங்கள். முதலில் ஆணின் கண். அடுத்து வட்டத்துக்குள் அவள் தோளோ முதுகோ. மறுபடி அவன் முகம், வியர்வை, கதவு திறந்து அவன் குப்புற விழுவது. சிரிப்பு அவனுக்கு, அவள் முகம் என்ன சொல்கிறது என்று காட்ட ஒரு எதிர்வினை ஷாட்கூட இல்லை. குரலும் பல சமயம் அவளுடையதல்ல. படப்பிடிப்பில் ஒலி எடுக்காமல் பிறகு டப்பிங் செய்வார்கள். நடிகைக்கு வேறொருத்தி பேசுவது சகஜம். (எலேனா ராமோஸ் நடித்த 1981ஆம் ஆண்டின் ‘பொருளாகிய பெண்’ மனைவியின் கற்பனைக்குள்ளேயே போகிறது. அப்படி ஒன்றிரண்டு உண்டு, மறுக்கவில்லை.)

இனி சுதந்திரத்துக்கு வருவோம். நடிகை லெய்லா தினீஸ் 1969 நவம்பரில் ‘ஓ பாஸ்கிம்’ வார இதழுக்கு ஒளிவுமறைவின்றிப் பேட்டி கொடுத்தார். கெட்ட வார்த்தைகள் வந்த இடத்திலெல்லாம் நட்சத்திரக் குறி போட்டு அச்சிட்டார்கள். 1970 ஜனவரியில் நூல்களுக்கும் இதழ்களுக்கும் முன்தணிக்கை கொண்டுவந்த 1077ஆம் ஆணையை மக்கள் ‘லெய்லா தினீஸ் ஆணை’ என்றே அழைத்தார்கள். ஒரு பெண் தன் படுக்கையைப் பற்றித் தானே பேசியதற்கு அந்தப் பதற்றம்.

தெரேசா திராவுத்மன் இயக்கிய ‘எனக்கிருந்த ஆண்கள்’ படத்தில் நடிக்க இருந்தவரும் லெய்லாதான். 1972 ஜூனில் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் 27 வயதில் இறந்தார். அந்த வேடத்தில் தார்லெனே குளோரியா நடித்தார். கணவனுக்குத் தெரிந்தே வேறு ஆண்களுடன் வாழும் மனைவியின் கதை. அவள் மனம் திருந்துவதும் இல்லை, தண்டனை பெறுவதும் இல்லை. 1973இல் படத்தைத் தடைசெய்தார்கள். திரைக்குத் திரும்பியது 1980இல். இந்த ஏழாண்டும் சாவித்துவாரப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடு ஓடிக்கொண்டிருந்தன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கட்டுரையின் முடிவு மாறியிருக்கும்.

பார்க்க விரும்பும் வாசகர்கள் ஃபெர்னாண்டா பெசோவாவின் 2017ஆம் ஆண்டு ஆவணப்படத்திலிருந்து தொடங்கலாம். பின்னணி வர்ணனை கிடையாது. முழுக்க அந்தக் காலப் படத்துண்டுகளையே கோத்திருக்கிறார்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்