எடை மேடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தராசு அனுப்பும் எடையைப் படிக்கும் உன் பைத்தான் புரோகிராமைப் பற்றி, சனிக்கிழமை ஒட்டுக்கடையில் தே தாரிக்கை ஆறவிட்டபடி நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "கால்பேக் எல்லாம் ஒத்து வரலைக்கா, பழையபடி லூப்லயே போட்டுட்டேன்" என்றாய், அதாவது எடை வந்ததா வந்ததா என்று புரோகிராமே திரும்பத் திரும்பக் கேட்கும் முறைக்கே போய்விட்டாய். அங்கே நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், சுங்கை சிப்புட் பக்கம் உன்னைப் போலச் செம்பனை ஆலைக்குப் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

லயத்து வீட்டில் அம்மா எப்படிச் செய்வார், நினைவிருக்கா? ரொட்டிக்காரர் வந்துவிட்டாரா என்று அடுப்பை விட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு ஓடமாட்டார், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "வந்தா ஒரு குரல் கொடுங்க" என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்ப்பார். பைத்தானில் ஆட் ரீடர் என்ற கட்டளை செய்வதும் அதுதான். இந்தக் கேபிளில் ஏதாவது வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று சொல்லி வைக்கிறாய், அந்த ஃபங்ஷன்தான் கால்பேக். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் செலக்ட் என்ற கட்டளை வந்த காலத்திலிருந்து இந்த வேலை நடக்கிறது, இப்போது லினக்ஸில் அதே வேலைக்கு ஈபோல், அதன் மேல் பைத்தானின் அசிங்க்ஐஓ லைப்ரரி.

சரி, கால்பேக் வைத்தபோது உனக்கு ஏன் சிபியூ 100 சதவீதம் போய் ஃபேன் கத்தியது? எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து வரும் யூஎஸ்பி கேபிள் கழன்றிருக்கிறது. படிக்கத் தயார் என்று கெர்னல் சொன்னால் டேட்டா வந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் அதன் அர்த்தம் "இப்போது ரீட் செய்தால் காத்திருக்க வேண்டியிருக்காது" என்பது மட்டும்தான். கேபிள் போனாலும் ரீட் காத்திருக்காது, உடனே வெறும் பைட்ஸ் வரும், இல்லாவிட்டால் பிழை வரும். நீ இரண்டையும், ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும் பாஸ் கட்டளையைப் போட்டு விழுங்கிவிட்டாய், அதனால் நிலைமை மாறவே இல்லை, பாட்டி விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெறும் பைட்ஸோ பிழையோ வந்த அந்த இடத்திலேயே, சொல்லி வைத்ததை நீக்கும் ரிமூவ் ரீடர் போடு, ஃபைலை மூடு, ஐந்து வினாடி கழித்துத் திரும்பத் திறந்து பார்க்கச் சொல்லி கால் லேட்டர் வை. கால்பேக்குக்குள் ஸ்லீப் போடாதே, அது தூங்கினால் திரையும் பிரிண்டரும் சேர்ந்து தூங்கும்.

எனக்கு உண்மையில் தூக்கம் வராமல் செய்தது வேறொன்று. ஒரு கால்பேக்குக்கு ஒரு முழு வரி வரும் என்று நம்பி எழுதியிருக்கிறாய். தராசின் சீரியல் இணைப்பு அப்படித் தராது. 18240 கிலோ என்று தராசு அனுப்பினால் முதலில் 182 வரலாம், மீதி 40 அடுத்த அழைப்பில் வரலாம். குலை ஏற்றி வரும் சின்னத் தோட்டக்காரருக்கு அந்தச் சீட்டில் இருக்கும் எண்தான் கூலி, உரக்கடன், பிள்ளை பஸ் காசு எல்லாம். வந்ததை ஒரு பஃபரில், அதாவது தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடத்தில், சேர்த்துக்கொண்டே வா, வரி முடியும் குறி வந்த பிறகுதான் எண்ணாக மாற்று. லூப்புக்குத் திரும்பிப் போனாலும் இந்தப் பிழை உன்னோடுதான் வரும், தம்பி.

அப்புறம் டிஸ்கில் வரி வரியாகப் பதிவு இருக்கும் அந்த சிஎஸ்வி ஃபைல். அதற்கும் ஆட் ரீடர் போட்டு, பெர்மிஷன் எரர் வந்ததும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும், கொடுத்துப் பார்த்தேன் என்றாய். திரும்ப மாற்றிவிடு, உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்கில் இருக்கும் சாதாரண ஃபைலை ஈபோல் ஏற்றுக்கொள்ளாது, அதைத்தான் பெர்மிஷன் எரர் என்று சொல்கிறது. ஃபைலில் புது வரி சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஐநோட்டிஃபை இருக்கிறது, லினக்ஸில் 2005-இலிருந்தே.

அடுத்த சனிக்கிழமை வரும்போது லேப்டாப்போடு அந்தக் கேபிளையும் எடுத்து வா. ஓடும்போதே உருவிப் பார்க்கலாம், பத்துத் தடவை.

அக்கா